பைக் பயணத்துக்கு முதல் கமரா: கொழும்பில் வாங்குவதற்கு முன்

வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு ஓட வரும் பெடியன்களில் யாராவது புதிதாக பைக் எடுத்தால், இரண்டு மூன்று மாதத்துக்குள் அதே கேள்வியோடு வருவார்கள். "அண்ணா, ட்ரிப்புக்கு என்ன கமரா எடுக்கலாம்?" நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. திருப்பி ஒன்று கேட்பேன். "ஓடிக்கொண்டு எடுக்கப் போறியா, நிப்பாட்டி எடுக்கப் போறியா?"

"ரெண்டும்தான்" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். ஆசை சரிதான். ஆனால் இரண்டையும் நன்றாகச் செய்கிற ஒரே கமரா, புதிதாகத் தொடங்கும் ஒருவர் வாங்கக்கூடிய விலையில் கிடைக்காது. ஓடும்போது எடுப்பதற்கான கமரா ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டு, அதிர்வையும் மழையையும் தாங்கி, நாம் தொடாமலே வேலை செய்யவேண்டும். நிறுத்தி எடுப்பதற்கான கமராவில் தூரத்து மலையை இழுத்து எடுக்கவும், மங்கல் வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுக்கவும் முடியவேண்டும். முதலாவதாக எது வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் இலகு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. செலவு பெற்றோலுக்கு மட்டும்தான்.

முதலில் போனோடு ஒரு பயணம்

கமரா வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் போனோடு மட்டும் ஒரு முழுநாள் பயணம் போய் வாருங்கள். கடுகண்ணாவை இதற்கு நல்ல இடம். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே பேலியகொடைப் பக்கத்தால் வெளியேறி ஏ1 கண்டி வீதியில்தான் போகவேண்டும். கமரா விஷயத்தில் அது நமக்கு நல்லதாகப் போய்விடுகிறது. களனிப் பக்கத்து நெரிசல், பஸ்யாலையில் வீதியோரம் கஜு விற்கும் பெண்கள், மாவனல்லை தாண்டியபின் தொடங்கும் ஏற்றமும் வளைவும், கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த பழைய பாதை, கண்டி வீதியைப் போட்ட கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம், பள்ளத்தாக்குக்கு அப்பால் தட்டையான தலையோடு நிற்கும் பைபிள் பாறை. ஒரு கமரா சந்திக்கக்கூடிய எல்லாச் சோதனையும் இந்த ஒரே வீதியில் வந்துவிடும்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, எடுத்த படங்களைப் பார்ப்பதோடு நிற்காமல், எடுக்க நினைத்து எடுக்க முடியாமல் போனவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். "வளைவில் திரும்பும்போது தெரிந்த பள்ளத்தாக்கு" என்று எழுதினால் உங்களுக்கு வேண்டியது ஓடும்போது பதியும் கமரா. "பைபிள் பாறை படத்தில் புள்ளியாகத்தான் தெரிகிறது" என்றால் இழுத்து எடுக்கும் லென்ஸ் வேண்டும். "மழை பிடித்ததும் போனை உள்ளே வைத்துவிட்டேன்" என்பதே பட்டியலில் அடிக்கடி வந்தால், தண்ணீருக்குப் பயப்படாத ஒன்று. ஒன்றுமே எழுத வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சக் காலம் போனே போதும். அந்தக் காசுக்கு நல்ல மழைக்கோட்டு ஒன்றும் கையுறையும் வாங்குங்கள். மனதார இதைச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. போனை ஹாண்டிலில் பூட்டி, அதிலேயே வழியும் பார்த்துப் படமும் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் யாழ்ப்பாணம் வரை போனார். ஏ9 வீதியால் 400 கிலோமீட்டர் அளவு. ஆனையிறவில் நிறுத்திப் படம் எடுக்கப் பார்த்தால், திரையில் காட்சி நடுங்கிக்கொண்டே இருந்தது. எதிலும் ஃபோகஸ் நிற்கவில்லை. போனை அணைத்துப் போட்டும் சரிவரவில்லை. கை நடுக்கத்தைச் சரிசெய்வதற்காக இக்காலத்துப் போன்களில் லென்ஸ் காந்த விசையில் மிதந்தபடி இருக்கிறது. எஞ்சினின் அதிர்வு மணிக்கணக்காக அதைத் தாக்கினால் அந்தப் பகுதி பழுதாகிவிடலாம். 2021 செப்டம்பரில் அப்பிள் நிறுவனமே தன் போன்களைப் பற்றி இந்த எச்சரிக்கையை வெளியிட்டது. சக்திமிக்க மோட்டார் சைக்கிள்களில் போனை நேரடியாகப் பூட்டவேண்டாம் என்றது. ஸ்கூட்டரிலும்கூட அதிர்வைக் குறைக்கும் பிடியைப் பாவிக்கச் சொன்னது. நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் பைக்குகள். ஹாண்டிலில் கையை வைத்தாலே அதன் அதிர்வு எவ்வளவு என்று தெரியும். வழி பார்க்க ஒரு பழைய போனைப் பூட்டுங்கள். நல்ல போன் சட்டைப்பையில் இருக்கட்டும். உங்கள் உடம்பே அதிர்வை உறிஞ்சிவிடும்.

ஓடும்போது எடுப்பதென்றால்

இதற்கு அக்ஷன் கமராதான். கோப்ரோ ஹீரோ வரிசையும் டிஜேஐயின் ஓஸ்மோ அக்ஷன் வரிசையும் கொழும்பில் தாராளமாகப் புழங்குகின்றன. 150 கிராம் அளவுதான் எடை. தனிப் பெட்டி எதுவும் இல்லாமலே கோப்ரோ 10 மீட்டர் ஆழம் வரையும், ஓஸ்மோ அக்ஷன் 4 18 மீட்டர் வரையும் தண்ணீர் தாங்கும். கொழும்பு மழை இவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. காட்சியை நடுங்காமல் ஆக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது; அதுவும் சில வருடங்களாக மிக நன்றாக வேலை செய்கிறது. ஆகவே ஆகப் புதிய மொடல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. 2023இல் வந்த ஹீரோ 12, ஓஸ்மோ அக்ஷன் 4 இரண்டுமே தொடங்குகிறவருக்குத் தாராளம். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் அக்ஷன் 4 என்பேன். அதன் சென்சர், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, கொஞ்சம் பெரியது. பின்னேரம் ஆறரைக்கு நீர்கொழும்பு வீதியால் திரும்பும்போது அந்த வித்தியாசம் படத்தில் தெரியும். காந்தப் பிடி என்பதால் கமராவைச் சட்டென்று பூட்டிக் கழற்றலாம். கையுறையைக் கழற்றாமலே செய்யலாம்.

விற்பனைப் பெட்டிகளில் எழுதாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, இந்தக் கமராக்கள் மிக அகலமாகப் பார்க்கின்றன. வீதியும் ஹாண்டிலும் கைகளும் அழகாக வரும். கண் நிறையத் தெரிந்த மலையோ படத்தில் கூழாங்கல் அளவாகிவிடும். ஹட்டன் பக்கத்துத் தேயிலை மலைகளை அக்ஷன் கமராவில் எடுத்துவிட்டு ஏமாந்துபோய் வருகிறவர்கள் நிறையப் பேர். கமராவில் குறை இல்லை. அது செய்யப்பட்ட வேலை வேறு.

இரண்டாவது, சூடு. ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்று குளிர்த்திவிடும். மதியம் பன்னிரண்டு மணிக்கு பம்பலப்பிட்டிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டு 4கே என்ற மிக உயர்ந்த தெளிவில் பதிந்துகொண்டிருந்தால், கமரா சூடேறித் தானாக நின்றுவிடும். நெரிசலில் பதிவை நிறுத்துங்கள். 4கே கட்டாயம் இல்லை. போனில் பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் அதற்குக் கீழான 1080 தெளிவே போதும். சூடு குறையும், பற்றரி நீளும், மெமரி கார்டில் இடமும் மிஞ்சும்.

மூன்றாவது, காற்றுச் சத்தம். மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டியதும் கமராவின் மைக்கில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது. ஓடிக்கொண்டே கதைக்க விரும்பினால், ஹெல்மெட்டின் உள்ளே கன்னத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கும் சின்ன மைக் வேண்டும். வாங்கும்போதே அந்தக் கமராவில் வெளி மைக்கை எப்படி இணைப்பது, அதற்குத் தனியாக ஏதும் வாங்கவேண்டுமா என்று கேளுங்கள். முதல் ஆறு மாதத்துக்கு நான் சிபாரிசு செய்வது, சத்தத்தை விட்டுவிட்டு வீட்டில் வந்து குரல் சேர்ப்பதுதான். கவனமும் வீதியிலேயே இருக்கும்.

வாங்கியதும் மாற்றவேண்டிய ஓர் அமைப்பு உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கமரா 60இல் இருந்தால் இரவில் தெருவிளக்குகளும் கடை விளக்குகளும் வீடியோவில் துடித்துக்கொண்டிருக்கும். அமைப்புகளுக்குள் போய் 50 ஹேர்ட்ஸ் என்று மாற்றி, செக்கனுக்கு 25 அல்லது 50 பிரேமில் எடுங்கள். காலிமுகத்திடல் இரவுக் காட்சிகள் அதோடு அமைதியாகிவிடும்.

சுற்றிவர எல்லாத் திசையும் பதியும் 360 கமராக்களும் இருக்கின்றன. பிடித்திருக்கும் தடி படத்திலேயே தெரியாது. பைக்கோடு ஒரு ட்ரோன் பறந்து வருவதுபோல இருக்கும். பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் எடுத்ததை எல்லாம் வீட்டில் இருந்து மறுபடி கோணம் பார்த்து வெட்டவேண்டும். கண்ணாடி இரு பக்கமும் புடைத்து நிற்பதால் ஒரு கல் பட்டால் கீறிவிடும். முதல் கமராவாக வேண்டாம்.

நிறுத்தி எடுப்பதென்றால்

என் மனம் இந்தப் பக்கம்தான். பைக்கில் போவதே நினைத்த இடத்தில் நிறுத்துவதற்காகத்தானே. பூநகரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தில் கார்க்காரர்கள் இரண்டு நிமிடத்தில் ஏறி இறங்கிவிடுவார்கள். நாம் பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, களப்பில் வலை இழுப்பவர்களை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த அரைமணிக்குத்தான் கமரா வேண்டும்.

இங்கே ஒரேயொரு அளவுகோலைச் சொல்வேன்: பைக்கை நிறுத்தியதிலிருந்து முதல் படம் எடுக்கும்வரை எத்தனை செக்கன் போகிறது? இருபது செக்கனைத் தாண்டினால் மூன்றாவது தரிப்பிலேயே உங்களுக்குச் சலித்துவிடும். கமரா பையோடு கிடந்து பையோடு வீட்டுக்கு வரும். அதனால் ஜக்கற் பையில் அல்லது இடுப்புப் பையில் அடங்கும் கமராவைத்தான் தேடுங்கள்.

மழை, தூசி, கீழே விழுதல், இந்த மூன்றும்தான் உங்கள் கவலை என்றால் ஒலிம்பஸ் டஃப் வரிசை. டிஜி-6 2019இல் வந்தது. அந்தக் கமராப் பிரிவு பின்னர் ஓஎம் டிஜிட்டல் என்ற தனி நிறுவனமாகி, 2023இல் டிஜி-7ஐ ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வெளியிட்டது. 15 மீட்டர் தண்ணீர், இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுதல் எல்லாம் தாங்கும். எடை 250 கிராம். லென்ஸ் வெளியே நீளாது. ஆகவே வீதித் தூசு உள்ளே போகாது. ஒரு சென்டிமீட்டர் கிட்டத்தில் நின்று தேயிலைக் கொழுந்தின் பனித்துளியை எடுக்கும். இருட்டில் மட்டும் சுமார். சென்சர் போனளவுதான் அல்லது அதைவிடச் சிறியது.

படத்தின் தரம் முக்கியம், மழையில் ஒளித்து வைத்துக்கொள்வேன் என்றால் சோனி ஆர்எக்ஸ்100 வரிசை. 2012இல் தொடங்கியது, மூன்றாவது மொடலிலிருந்து ஐந்தாவது வரை மங்கல் வெளிச்சத்துக்கு ஏற்ற பிரகாசமான லென்ஸ். 300 கிராம்தான், ஒரு அங்குல சென்சர். பாவித்தது நல்ல நிலையில் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். இதன் பலவீனம், கமராவை இயக்கும்போது குழாய்போல வெளியே நீளும் லென்ஸ். மன்னார் வீதிப் புழுதியில் திறந்த கையோடு அலைந்தால் தூசு உள்ளே இறங்கிவிடும். சிப் பூட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறகு பைக்குள் வையுங்கள்.

லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் கமரா? ஏற்கனவே ஒரு வருடமாவது படம் எடுத்துப் பழகியவருக்கு, சரி. சோனி ஏ6000 போன்ற பழைய மொடல்கள் இங்கே பாவித்த சந்தையில் நிறையக் கிடக்கின்றன. ஒரு சின்ன லென்ஸோடு மட்டும் வாங்கி, வீதியோரத்தில் லென்ஸைக் கழற்றுவதில்லை என்று முடிவெடுத்துவிடுங்கள். உள்ளே கண்ணாடியோடு வரும் பெரிய கமராக்களான பழைய டிஎஸ்எல்ஆர்கள் இன்று மலிவு. அதனால் பலர் மயங்குகிறார்கள். லென்ஸோடு முக்கால் கிலோ வரும், முதுகுப்பையின் அடியில் கிடக்கும். நான் சொன்ன இருபது செக்கன் சோதனையில் அதனால் தேறவே முடியாது.

காசைப் பிரிப்பது

கையில் உள்ள தொகை முழுவதையும் கமராவுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஏழு பங்கு கமராவுக்கு. மீதி மூன்று பங்கு மேலதிக பற்றரி, கார்ட், பிடி, பை, ஈரம் போகாத பெட்டி ஆகியவற்றுக்கு. அக்ஷன் கமராவுக்கு மொத்தம் மூன்று பற்றரியாவது வேண்டும். தொடர்ந்து பதிந்தால் ஒன்று ஒன்றரை மணிநேரம்கூட முழுதாக நிற்காது.

வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் டொலர் விலையை ரூபாவாகப் பெருக்கிக் கணக்குப் போடவேண்டாம். இறக்குமதிச் செலவு இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரியே 18 வீதம். இங்கே மூன்று கடையில் கேட்ட விலைதான் விலை.

கார்ட் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கார்டின் மேல் வி30 அல்லது யு3 என்று போட்டிருக்கவேண்டும்; செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பது அதன் பொருள். வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் 4கே பதிந்தால் ஒரு மணிநேரத்துக்கு 45 ஜிபி போகும். 64 ஜிபி கார்ட் ஒன்றரை மணிநேரத்துக்கும் காணாது. நம்பமுடியாத மலிவில் 512 ஜிபி என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். போலிக் கார்டில் முதல் கொஞ்சம் ஒழுங்காக எழுதப்படும், பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். வாங்கிய அன்றே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போட்டு, கார்ட் முழுவதையும் நிரப்பிச் சோதித்துப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது

பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிட்டி, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள் என்று மூன்று பக்கமும் ஒருமுறை நடந்து பாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் போகாதீர்கள். கடைக்காரருக்கு உங்களோடு கதைக்க நேரம் இருக்காது. கிழமை நாளில் காலை பதினொரு மணியளவில் போனால் ஆறுதலாகக் காட்டுவார்கள்.

போகும்போது உங்கள் ஹெல்மெட்டையும் கையுறையையும் கையோடு கொண்டுபோங்கள். இதற்குக் கூச்சப்படவேண்டாம். கையுறையோடு பொத்தானை அமுக்க முடிகிறதா, பற்றரிக் கதவைத் திறக்க முடிகிறதா, பிடி உங்கள் ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் ஒழுங்காக உட்காருமா என்றெல்லாம் அங்கேயே பார்த்துவிடலாம். ஒரு கார்டையும் கொண்டுபோய், அதிலே பத்துப் படமும் ஒரு வீடியோவும் எடுத்து, வீட்டில் பெரிய திரையில் பாருங்கள். அன்றே வாங்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

உத்தரவாதம் பற்றிக் கேட்கும்போது "வாரண்டி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். ஏஜென்ட் வாரண்டியா, கடை வாரண்டியா என்று கேளுங்கள். ஏஜென்ட் என்றால் அந்தக் கம்பனியின் இலங்கை முகவர் பொறுப்பு. கடை வாரண்டி என்றால் அந்தக் கடை இருக்கும்வரை, அந்தக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளும்வரை. விலை வித்தியாசம் சிறிதென்றால் ஏஜென்ட் பக்கமே போங்கள். பில்லில் சீரியல் இலக்கம் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாவித்த கமரா வாங்குவதென்றால்

இக்மன் இணையத்தளத்தில் விளம்பரம் பார்த்து வாங்குவதில் தவறே இல்லை. நல்ல கமராக்கள் இரண்டு முறை வெளியே போய்விட்டு அலுமாரியில் கிடந்து விலைக்கு வருகின்றன. சந்திக்கும் இடம் பகல் வெளிச்சமுள்ள, ஆட்கள் நடமாடும் இடமாக இருக்கட்டும். காசை முற்கூட்டி அனுப்பவேண்டாம்.

போகும்போது ஒரு சின்ன டோர்ச் கொண்டுபோங்கள். லென்ஸுக்குள் சரிவாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால், பூஞ்சணம் இருந்தால் சிலந்தி வலைபோல மெல்லிய கிளைகள் தெரியும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இருந்து வரும் கமராக்களில் இதுதான் பெரிய நோய். தெரிந்தால் எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். பிறகு வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி, கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அக்ஷன் கமரா என்றால் கதவுகளின் ரப்பர் ஓரம் வெடித்திருக்கிறதா, பற்றரி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து பதியவிடுங்கள். பழுது உள்ளது அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் நின்றுவிடும். விற்பவரோடு ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு கதைத்தால் கமராவின் கதையும் வந்துவிடும்.

எங்கே பூட்டுவது

ஹாண்டிலில் பூட்டினால் எஞ்சின் அதிர்வில் படம் ஜெலிபோல நெளியும். உள்ளே இருக்கும் நடுக்கக் கட்டுப்பாட்டால் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஹெல்மெட்டின் உச்சியில் வைத்தால் காற்று இழுக்கும், கழுத்து வலிக்கும். நான் பாவிப்பது தாடைப் பகுதி. கண் பார்க்கும் உயரத்தில் காட்சி வரும், தலை திரும்பும் பக்கம் கமராவும் திரும்பும். முகம் மூடிய ஹெல்மெட் இல்லாதவருக்கு நெஞ்சில் கட்டும் பட்டி நல்லது.

ஒட்டும் தட்டை ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட் கொண்டு துடைத்து, ஒட்டியபின் ஒரு முழுநாள் விட்டுவிடுங்கள். பசை அதற்குப் பிறகுதான் முழுப் பலத்துக்கு வரும். ஒரு மெல்லிய கயிற்றாலும் கமராவை ஹெல்மெட்டோடு இணைத்துவையுங்கள். ஹெல்மெட்டில் ஒருபோதும் துளை போடவேண்டாம். அது உயிரைக் காக்கும் சாமான்.

கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டபடி ஓடவே வேண்டாம். விழுந்தால் நெஞ்சுக்கும் தாருக்கும் இடையில் அகப்படுவது அந்தக் கமராதான். பின்பெட்டியில் வைப்பதென்றால் அடியில் தடித்த ஸ்பொஞ்ச் போடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸின் சின்ன ஸ்குரூக்கள் மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். பின்னால் இருந்து வரும் நண்பர் எடுப்பதென்றாலும், கையில் கட்டிய பட்டியோடு, நேரான வீதியில், மெதுவாகப் போகும்போது மட்டும்.

ஓடிக்கொண்டே சார்ஜ் ஏற்றினால் கதவு திறந்திருக்கும். அந்த நேரம் கமராவுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பு கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் கொழும்பிலிருந்து மேல்நோக்கிப் போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. பற்றரியைத் தேநீர்க் கடையில் நிறுத்தி மாற்றுங்கள்.

ஈரமும் உப்பும்

கொழும்பில் கமராவைக் கொல்வது விபத்தைவிடக் காற்றின் ஈரம்தான். வீடு வந்ததும் துணிப்பையோடு அலுமாரியில் போடாதீர்கள். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர். அளவு 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடலாம்.

காலிமுகத்திடலிலோ மரைன் டிரைவிலோ காற்றுள்ள பின்னேரம் நின்று எடுத்தால், கண்ணாடியில் உப்புப் படியும். முதலில் ஊதுங்கள், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றுங்கள், கடைசியாகத்தான் துடையுங்கள். காய்ந்த உப்பை நேரே தேய்த்தால் கண்ணாடி கீறும்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே விடியக் குளிரில் எடுத்துவிட்டு றம்பொடைப் பக்கம் இறங்கும்போது, குளிர்ந்த லென்ஸில் சூடான ஈரக்காற்று பட்டுப் பனி மூடும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தாலும் இதேதான். இறங்குவதற்கு முன் கமராவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவிடுங்கள். பனி அந்தப் பையின் வெளிப்புறத்தில் படியும். அரைமணிக்குப் பிறகு திறக்கலாம்.

எங்கே அணைத்துவைப்பது

சோதனைச் சாவடிகளிலும் இராணுவ முகாம்களைக் கடக்கும்போதும் ஹெல்மெட் கமராவை அணைத்துவிடுங்கள். அது மாத்திரமல்ல, கழற்றிப் பைக்குள் வையுங்கள். கமராவின் சிவப்பு விளக்கு எரிகிறதா இல்லையா என்று நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவேண்டாம். சீகிரியாவில் சுவரோவியங்களைப் படம் எடுக்க அனுமதி இல்லை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை நம் நாட்டில் அவமதிப்பாகவே பார்ப்பார்கள். நல்லூரில் கோயில் உள்ளே கமரா வேண்டாம். வெளி வீதியில் கேட்டுவிட்டு எடுக்கலாம். ட்ரோன் ஆசை வந்தால், பறக்கவிடுவதற்கு முன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி எடுக்கவேண்டும்.

தேயிலை மலைகளில் கொழுந்து எடுக்கும் அம்மாமாரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தெருவில் நின்று நீட்டிப் பிடித்து எடுத்துவிட்டுப் பறந்துவிடுகிறார்கள் பலர். இறங்குங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், "வணக்கம் அம்மா, ஒரு படம் எடுக்கவா?" என்று நம் மொழியிலேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், எடுத்ததைக் காட்டிவிட்டு வாருங்கள். அவர்கள் கொழுந்தின் நிறைக்குக் கணக்குப் பார்த்து வேலை செய்கிறவர்கள்; நேரத்தை நீட்டாதீர்கள்.

முதல் ஓட்டம்

வாங்கிய கமராவோடு நேரே நீண்ட பயணம் போகவேண்டாம். ஒரு சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு வெள்ளவத்தையில் இருந்து கிளம்பி, ஏ3 வீதியால் நீர்கொழும்பு போய்வாருங்கள். சூரியன் ஆறு மணியளவில் வரும்; காலை வெளிச்சம் நமக்கு நீண்ட நேரம் கிடைப்பதில்லை, எட்டரைக்குள் கடுமையாகிவிடும். மீன் சந்தைக் கரையில் பாயில் பரப்பிக் காயவைக்கும் கருவாடு, படகில் இருந்து கூடை இறக்குபவர்கள், களப்பின் ஓரம். ஓடும்போது இருபது நிமிடம் பதியுங்கள், நிறுத்தி முப்பது படம் எடுங்கள், பற்றரியை ஒருமுறை கையுறையோடு மாற்றிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். அடிவானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். வீதியைவிட வானம் அதிகமாக வந்திருக்கும். அநேகமாக எல்லோருக்கும் முதல்முறை அப்படித்தான் வரும். கமராவை ஒரு விரலளவு கீழே சாய்த்து, பிடியின் நட்டை மறுபடி இறுக்கி, தட்டின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த கிழமை அந்தக் கோட்டுக்கே பூட்டிக்கொண்டு கண்டி வீதியில் ஏறலாம்.